முதுகில் கை எட்டாத இடம்

வலிக்கு ஒட்டுகிற மருந்துப் பிளாஸ்திரியின் தாளை உரித்து, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி தரையில் வைத்தார் கில்மான். அதன் மேல் மெல்ல மல்லாந்தார். குறி பார்த்துத்தான் படுத்தார். எழுந்து கண்ணாடியில் திரும்பிப் பார்த்தால், அது வலிக்கிற இடத்தை விட்டு இடது பக்கமாகப் போய், ஒரு மூலை மடங்கி ஒட்டியிருந்தது. நேற்று ஒட்டியது வலது பக்கம். முந்தாநாள் ஒட்டியது பனியனில். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். மேலிருந்து விட்டாலும் கை எட்டாது, கீழிருந்து வளைத்தாலும் எட்டாது. தனிக்கட்டைக்கு அந்த இடம் அடுத்தவன் உடம்பு மாதிரிதான். பெண்டாட்டி இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. ஒட்டிவிட்டு, நன்றாகப் பிடிக்கட்டும் என்று மேலே ஓர் அறை அறைவாள். பாதி வலி அந்த அறையிலேயே போய்விடும்.

வலி எதனால் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. கொரியாவின் பூசான் துறைமுகத்தில் காலமெல்லாம் மூட்டை தூக்கிய முதுகு, வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் இந்தக் குளிர் தொடங்கியதிலிருந்து வலியின் போக்கு மாறியிருந்தது. மலைச்சரிவில் இருக்கும் வீட்டுக்குப் படியேறினால் வரும். பாதிப் படியில் உட்கார்ந்தால் போய்விடும். மூட்டை தூக்கிய வலி அப்படி விருந்தாளி மாதிரி வந்து போகாது. வந்தால் இரவும் பகலும் கூடவே கிடக்கும். அது அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு, பிளாஸ்திரி வாங்க இறங்கினார்.

மருந்துக்கடை இன்சூக் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள்.

"போன வாரம்தானே அத்தனை வாங்கிட்டுப் போனீங்க? தின்னுறீங்களா ஐயா?"

"குடும்மா. பெருசா இருக்கிறதாக் குடு."

அவள் வெளியே வந்து, கோட்டுக்கு மேலேயே முதுகைக் கட்டைவிரலால் அமுக்கினாள். "இங்க வலிக்குதா? இங்க?"

"இல்ல."

"கையைத் தூக்குங்க. இடுப்போட திரும்புங்க. இப்ப?"

"இல்லம்மா, அது படியேறினாத்தான் வரும்." சொல்ல நினைத்தே இருக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"வர்றப்ப வேர்க்குதா?"

"இந்தக் குளிர்லயா?" என்றார். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அவள் எடுத்து வைத்த பிளாஸ்திரிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். "சதை வலின்னா அமுக்கினா வலிக்கும், திரும்பினா வலிக்கும். முதுகுவலின்னு வர்றவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அதுதான். தானா சரியாயிடும். உங்களது ஏறினா வருது, உக்காந்தா போகுது, வேர்வையும் சேருது. நெஞ்சுக் கோளாறா இருக்கலாம். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சும்மா இருக்கிறப்பவே வந்துச்சுன்னா ஒரு அடிகூட நடக்காதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"நெஞ்சு முன்னாடில்ல இருக்கு? எனக்குப் பின்னாடி வலிக்குது."

"அதுக்கு முன்னாடி பின்னாடி கெடையாதுய்யா."

"விக்கத்தானே கடை வச்சிருக்க? வித்துத் தொலையேன்."

"மாட்டேன்."

வாயில் வந்ததைத் திட்டிவிட்டு வெளியே வந்தார். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் பேச்சை அவர் நம்புகிற ஆளில்லை. பயம் காட்டினால் எதையோ தலையில் கட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் இவள் எதையும் கட்டவில்லை. விற்க உட்கார்ந்தவள் விற்க மாட்டேன் என்கிறாள். அதுதான் உதைத்தது.

அன்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே போனால் பெயருக்கு முன்னால் கேட்கிற கேள்வி, கூட வந்திருப்பது யார் என்பது. பெண்டாட்டி நோயில் கிடந்தபோது கேட்டவுடன் எழுந்து நின்றவர் அவர்தான். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கிற தாழ்ந்த பலகையில் படுத்தார், நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். பக்கத்துக் கட்டில் கிழவனுக்கு யாரும் இல்லை. நர்சு வந்து கேட்கும்போதெல்லாம் அந்த ஆள் தூங்குகிற மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். பிள்ளை இல்லாத கில்மானுக்கு இப்போது சாவைவிட அந்தச் சுவர்தான் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல அடிவாரத்து வெந்நீர்க் குளியல்கூடத்துக்குப் போனார். சோன்சிக் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருந்தான். எத்தனையோ வருடமாக இவர் முதுகை அவனும் அவன் முதுகை இவரும் தேய்த்துவிடுகிறார்கள். வெளியே ஒருநாள் சேர்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. முகத்தைவிட முதுகுதான் பழக்கம்.

"என்னண்ணே, முதுகெல்லாம் சதுரம் சதுரமா செவந்து கெடக்கு? தபால்தலை ஒட்டிட்டாங்களா? எந்த ஊருக்கு அனுப்புறாங்க?"

"வாயை மூடிக்கிட்டுத் தேய்டா."

சொரசொரத் துணி மேலும் கீழும் போனது. அப்போது வலி வந்தது. உட்கார்ந்தால் போய்விடுகிற வலி, ஆனால் அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அது நடு முதுகில் கையை ஊன்றி நின்றது, தாடை வரைக்கும் ஏறியது. ஆவியில் வேர்வை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை.

"சோன்சிக்."

"ம்."

"உனக்கு வேலை ஏதாவது இருக்கா?"

"எனக்கென்ன வேலை? நாய்க்குச் சோறு வைக்கணும். ஏண்ணே?"

"ஆஸ்பத்திரிக்கு என்கூட வரணும்."

துணி நின்றது. "நாளைக்கா?"

நாளைக்கு என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. அது எவ்வளவு சுலபமான சொல்!

"இல்லடா," என்றார். "இப்ப. நடக்க முடியாது. வண்டியைக் கூப்பிடு."

ஆம்புலன்ஸில் அவரைப் படுக்க வைத்து, இதயத் துடிப்பைப் பார்க்க நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். சோன்சிக் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஏறினான். காதில் இன்னும் சோப்பு நுரை.

"இவர் முழுப் பேர் என்னங்க?" என்று கேட்டாள் வண்டியில் இருந்த பெண்.

சோன்சிக் முழித்தான். குனிந்து, "அண்ணே, உங்க குடும்பப் பேரு என்ன?" என்று ரகசியம் மாதிரிக் கேட்டான்.

"பியோ."

"பியோ கில்மான்," என்றான் அவன், பிறந்ததிலிருந்து தெரிந்தவன் மாதிரி உரக்க.

"நீங்க இவருக்கு என்ன உறவு?"

வண்டி வளைவில் திரும்பியது. சோன்சிக் ஒரு கையால் மேலே இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவசரத்தில் செருப்புப் போட மறந்திருந்தான். குளியல்கூடத்துத் துணி அலமாரிச் சாவி, ரப்பர் வளையத்தோடு அவனுடைய ஈரக் கணுக்காலில் தொங்கி ஆடியது. கில்மான் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.