குறைந்த புகைக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

உலகத்தைக் காப்பாற்ற எங்கள் குடியிருப்புக்கு ஒரு சங்கம் வந்தது. இப்படிப்பட்டவர்கள் வழக்கமாகப் பெரிய ஹோட்டல்களில் கூடிப் பேசிச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுவார்கள். இவர்கள் படியேறி வீடு வீடாக வந்தார்கள் என்பதால் மரியாதையாக நாற்காலி போட்டோம். மின்சாரம், எரிவாயு, பெட்ரோல் எல்லாம் கணக்குப் பார்த்து, எந்த வீடு குறைவாகப் புகை விடுகிறதோ அதற்கு முதல் பரிசு என்றார்கள்.

கீழ்த்தளத்துத் தையல்காரர் வீட்டில் கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு அதிக வேலை இருக்கவில்லை. ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, காலால் மிதிக்கிற தையல் இயந்திரம்.

"ஏசி?"

"இல்லைம்மா."

"வாஷிங் மெஷின்?"

தையல்காரர் மனைவியைக் காட்டினார். "அதோ நிக்குது."

"ரிப்பேருக்குக்கூட அனுப்ப மாட்டாரு," என்றாள் அவள்.

"ஃப்ரிட்ஜ்?"

"இருக்கு. ஆனா மூணாவது மாடியில, அக்கா வீட்டுல."

தையல்காரர் மனைவிக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும். மாடி அக்கா உடன்பிறந்தவர் அல்ல. தன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தட்டை அந்த மருந்துக்கென்றே ஒதுக்கிக் கொடுத்ததால் அக்கா ஆனவர். காலையும் மாலையும் இவள் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறுவாள், மருந்தோடு இறங்குவாள். இப்போது அக்கா, மகள் வீட்டோடு போய்விடப்போகிறார். மாதக் கடைசியில் லாரி வருகிறது. ஃப்ரிட்ஜும் அதில்தான் போகிறது. அதற்கப்புறம் மருந்தை எங்கே வைப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிப் பேசி ஓய்ந்திருந்த நேரத்தில்தான் போட்டி முடிவு வந்தது. முதலிடம் தையல்காரர் வீட்டுக்கு. பரிசு, ஒரு ஃப்ரிட்ஜ்.

மின்சாரம் செலவழிக்காததற்கு ஃப்ரிட்ஜைப் பரிசாகக் கொடுப்பதில் இருக்கிற வேடிக்கை சங்கத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு கடைக்காரர் சும்மா கொடுத்தார், வாங்கிக்கொண்டார்கள்.

விழா சமூகக் கூடத்தில் நடந்தது. தலைவர் எளிமையைப் பற்றிப் பேசினார். எளிமையைச் சுருக்கமாகப் பேச முடியாது போலிருக்கிறது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. திரும்பிப் போகும்போது இருக்கை சுடக்கூடாது என்பதற்காக அவருடைய கார் வாசலில் ஏசியோடு உறுமிக்கொண்டே இருந்தது.

பிறகு செயலாளர் ஓர் அட்டையை நீட்டினார். வெற்றி பெற்ற குடும்பம் மேடையில் உறுதிமொழி எடுக்க வேண்டுமாம். ரிப்பன் கட்டிய ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று தையல்காரர் படித்தார்.

"எங்கள் வீட்டில் இனி ஓராண்டுக்குப் புதிதாக எந்த மின்சாதனமும்..."

நிறுத்திவிட்டார்.

"படிங்க," என்றார் செயலாளர்.

"சார், இதைப் படிச்சிட்டு அதைத் தூக்கிட்டுப் போனா, வாசல் தாண்டுறதுக்குள்ள நான் பொய்யனாயிடுவேனே."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, கடகடன்னு படிச்சிட்டு வாங்க. யாரு வந்து பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்ல?"

"உறுதிமொழி இல்லாம பரிசு கிடையாது. விதி அப்படி," என்றார் செயலாளர்.

தலைவர் கருணையோடு குனிந்தார். "உங்க எளிமைதாம்மா உங்க சொத்து. அதைக் கெடுத்துக்காதீங்க."

"சொத்து இருக்கட்டும் சார். மருந்தை எங்க வைக்கிறது?"

வாசல் கார் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கணக்கெடுத்த பெண் எழுந்தாள். அவளுக்கு அந்தச் சங்கத்தில்தான் சம்பளம் என்பதை நாங்கள் மறக்கவில்லை.

"ஃப்ரிட்ஜையும் சேர்த்துப் போட்டுப் பார்த்துட்டேன் சார். அப்பவும் இவங்கதான் முதல். ரெண்டாவது வீடு கிட்டக்கூட வரல."

"அதுக்கில்லம்மா, கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் செயலாளர்.

"இருக்கு சார். வெளிய நிக்கிற கார் இந்தப் பேச்சு முடியிறதுக்குள்ள விட்ட புகையில, இந்த ஃப்ரிட்ஜ் ரெண்டு வாரம் ஓடும்."

போச்சு, வேலை போச்சு என்று நினைத்தோம். தலைவர் எழுந்தார். விடுவிடுவென்று வெளியே போனார். உறுமல் நின்றது. திரும்பி வந்து, தையல்காரர் கையிலிருந்த அட்டையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"இது நான் படிக்க வேண்டியது," என்றார்.

அன்று அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வேர்க்க வேர்க்க அவர் காரில் போனதை நான் பார்த்தேன். அவரைப் பற்றி ஒரு வாரத்துக்குப் பேச வைத்திருந்த கேலியெல்லாம் வீணாகிப்போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஃப்ரிட்ஜை ஆளுக்கொரு மூலை பிடித்துக் கொண்டுவந்து இறக்கினோம். தையல்காரர் அந்தப் பெண்ணிடம் கும்பிட்டபடியே, "தையல் மெஷினுக்கு ஒரு மோட்டார் போட்டா கணக்கு தாங்குமாம்மா?" என்று கேட்டார்.

"தாராளமா தாங்கும். போடுங்கண்ணே."

மறுநாள் காலை, மருந்து தன் வீட்டுக் குளிரிலேயே இருக்க, தையல்காரர் மனைவி பழக்கத்தில் படியேறிவிட்டாள். பாதியில்தான் நினைவு வந்தது. ஆனாலும் திரும்பவில்லை. கதவைத் திறந்த அக்காவும் பழக்கத்தில் ஃப்ரிட்ஜ் பக்கம் இரண்டடி நடந்து நின்றார்.

"அதான் உனக்குன்னு ஒண்ணு வந்துடுச்சே. இன்னும் என்னடி?"

"ஊசி போட்டாச்சுக்கா. சும்மா வந்தேன்."

"முட்டியைத் திட்டிட்டே ஏறுவியே. சும்மா வர்றதுக்கா இத்தனை படி?"

"இத்தனை வருஷமா மருந்தை எடுத்ததும் ஓடிட்டேன். ஒரு நாளாவது உக்காந்து பேசினேனா?"

அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். கதவுத் தட்டு காலியாக இருந்தது.

"தயிர்க் கிண்ணத்தை வைக்கலாம்னு பார்த்தேன். கை வரல."

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அக்கா விசிறியைப் போட்டார். மதியம்வரை அது சுற்றிக்கொண்டிருந்தது.