வாய்க்காலைத் தாண்டிய வீடு

வாய்க்கால் ஒன்றும் பெரிதில்லை. கோடையில் கோழி நடந்து கடக்கும். மழைக்காலத்தில் எருமை படுத்தால் பாதி முதுகு வெளியே தெரியும். ஆனால் மணிலாவில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், இந்த ஊர்ச் சேற்றில் கால் வைக்காதவர், காகிதத்தில் இழுத்த கோடு இந்த வாய்க்கால் மேல்தான் வந்து விழுந்தது. அன்றிலிருந்து இக்கரை ஒரு மாகாணம், அக்கரை இன்னொரு மாகாணம். இரண்டுக்கும் தனித்தனி ஆளுநர்கள்; இருவரும் கப்பலில் வந்திறங்கிய ஸ்பானியர்கள். இக்கரை ஆளுநருக்கு மலை இருந்தது, மலையில் மரம் இருந்தது. அதனால் அரசரின் கப்பல்களுக்கு மரம் வெட்ட இக்கரை ஆண்கள் போனார்கள். அக்கரை ஆளுநருக்கு மலை இல்லை. அக்கரை ஆண்கள் நெல்லை அளந்து கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கினார்கள்.

இலாரியோவுக்கு இது விளங்கியதே இல்லை. கதிர் அறுக்கும்போது நிமிர்ந்து அக்கரையைப் பார்ப்பான். அதே சேறு, அதே நாணல், அதே கொக்கு. கோடு எங்கே என்று தேடுவான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஒருவனை மலைக்குத் துரத்தவும் இன்னொருவனை வீட்டில் வைக்கவும் எங்கிருந்து வந்தது இத்தனை வலு? பூசையில் மணி அடிக்கும்போது உடம்பு சிலிர்க்குமே, அந்த வாய்க்காலைப் பார்த்தாலும் அவனுக்கு அப்படித்தான்.

முன்பு ஒரு முறை அவனும் தம்பியும் மலைக்குப் போனார்கள். சரிவில் ஒரு மரம் உருண்டது. தம்பி அங்கேயே தங்கிவிட்டான். இலாரியோ வலது தோள் நொறுங்கித் திரும்பி வந்தான். இப்போது அந்தக் கை காதுக்கு மேல் எழாது. இந்தத் தோளோடு மறுபடி போனால் திரும்ப முடியாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஆணை வந்துவிட்டது, முறை அவனுடையது. மனைவி பஸ்தோராவுக்கு நிறைமாதம்.

ஊர்த்தலைவர் மாமெர்த்தோவிடம் போய் நின்றான்.

"தலைவரே, தோள் போச்சு. பாக்குறீங்கல்ல."

"பாக்காம என்னடா? ஆனா ஓர் ஆள் குறைஞ்சா என்னைக் கட்டி வச்சு அடிப்பாங்க. என் முதுகு என்ன கல்லா?"

சாயங்காலம் கள் குடிக்கும் இடத்தில் இதைச் சொன்னபோது குலாஸ் சிரித்தான். குலாஸ் தனிக்கட்டை, வாய்க்கொழுப்பு உள்ளவன், எருமையைக்கூடக் கேலி பண்ணுவான்.

"தலைவரு ஆளை எப்படி எண்ணுறாரு? இந்தக் கரையில இருக்கிற வீட்டை வச்சுத்தானே? அப்ப வீட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிடுவோம், மச்சான்!"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். வீடு தூக்குவது அவர்களுக்குப் புதிதல்ல. வெள்ளம் வந்தால் தூக்குவார்கள். மாமியாரோடு சண்டை வந்தாலும் தூக்குவார்கள். மூங்கில் கால்கள் மேல் நிற்கும், ஏணி வைத்து ஏறும் வீடு, ஓலைக் கூரை. ஆனால் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு வீட்டைத் தூக்கிப் போனவர் யாருமில்லை.

மறுநாள் காலை முப்பது பேர் வந்து நின்றார்கள். வீட்டின் தளத்துக்கு அடியில் நீள மூங்கில்களைக் கொடுத்துக் கட்டினார்கள். குலாஸ் ஏணியைக் கழற்றி மாமரத்தில் சாய்த்தான். பஸ்தோரா நெருப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். குலாஸ் முன்மூங்கிலுக்குத் தோள் கொடுத்து, பெண்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி ஒரு பாட்டை எடுத்துவிட்டான். மற்றவர்கள் "ஹோய்!" என்றார்கள்.

வீடு எழுந்தது.

தோள் கொடுக்க முடியாத இலாரியோ பக்கத்தில் நடந்தான். அவன் பிறந்த வீடு, அப்பா செத்த வீடு, அறுபது கால்களோடு வயலில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் தொங்கிய கருவாடு ஆடியது. கூரையிலிருந்த பல்லி இறங்கவே இல்லை. சுமை என்றால் என்னவென்று தெரிந்த உடம்பு அவனுடையது. ஒவ்வொரு தோளிலும் மூங்கில் பதிவதை அது உணர்ந்தது.

வீடு வாய்க்காலின் நடுவில் இருந்தபோது மாமெர்த்தோ ஓடி வந்தார். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள்.

"நிறுத்துங்கடா!"

"நிறுத்தினா சேத்துல முங்கிடும், தலைவரே! வேணும்னா நீங்களும் ஒரு தோள் குடுங்க!" என்றான் குலாஸ்.

வீடு அக்கரை ஏறியது. காவலர்கள் நீரின் விளிம்பில் நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கம் வேறு ஆளுநரின் மண். துப்பாக்கி பிடித்தவனையும் அந்தக் கோடு சுவர் மாதிரி நிறுத்தியதை இலாரியோ வாய் பிளந்து பார்த்தான்.

மாமெர்த்தோ மட்டும் திரும்பி நடந்தார். மாமரத்தில் சாய்ந்திருந்த ஏணியைக் கரைக்கு இழுத்து வந்து, கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஏணி இருக்கிற இடம்தான் வீடு. ஏணி இல்லாதது கோழிக்கூடு. உன் வீடு இன்னும் இங்கதான் இருக்கு, இலாரியோ. வந்து எடுத்துக்க."

அது அவர்கள் வழக்கம்தான். ஏணி ஊன்றாத வீட்டை அந்தச் சீமையில் யாரும் வீடு என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

"கழட்டினவன் நான்தான். பாட்டு ஞாபகம் இருந்துச்சு, ஏணி மறந்துபோச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டான் குலாஸ்.

இலாரியோ ஒரு காலை நீரில் வைத்தான். பஸ்தோரா அவனைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத் தானே இறங்கினாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, நீரை அளந்து அளந்து நடந்து, மாமெர்த்தோ முன் போய் நின்றாள்.

"மரம் வெட்டுற கணக்குல நான் இருக்கேனா, தலைவரே?"

"பொம்பளை எப்படிம்மா இருப்பா?"

"இந்த ஏணி இருக்கா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு என்ன? எந்திரிங்க. எனக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். எழுந்தார். அவள் குனிய முடியாமல் தவித்தபோது அவரே ஏணியின் ஒரு முனையைத் தூக்கி அவள் தோளில் வைத்தார். அவள் கோட்டைக் கடக்கும்வரை தலை குனிந்து நின்றார். பிறகு உடைந்த குரலில் கூப்பிட்டார்.

"வீடு போச்சு, சரி. ஆனா மேல கேட்ட ஆள் கணக்கு அப்படியேதான்டா இருக்கு. தூக்கின முப்பது பேரும் என் ஆளுங்க. ஒருத்தன் வந்தாகணும்."

இலாரியோவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. குலாஸ் மடியிலிருந்து ஒரு குட்டை ஈர்க்குச்சியை எடுத்துக் காட்டினான்.

"காலையிலயே எல்லாரும் குச்சி இழுத்துப் பாத்தாச்சு. குட்டை வந்தவன் உனக்குப் பதிலா மலைக்குப் போகணும்னு பேச்சு. நமக்குத்தான் குட்டை."

காலையிலேயே. அதாவது மூங்கிலைத் தோளில் வைக்கும் முன்பே. தங்களில் யார் மலைக்குப் போகப்போகிறார் என்று தெரிந்துகொண்டுதான் முப்பது பேரும் தூக்கினார்கள். தெரிந்துகொண்டுதான் குலாஸ் முன்மூங்கிலில் நின்று பாடினான்.

"நான் போறேன்" என்று இலாரியோ வாய்க்காலை நோக்கிப் பாய்ந்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"சும்மா இரு மச்சான். மறுபடியும் வீட்டைத் தூக்கச் சொல்லுவே போலிருக்கு, இடுப்பு ஒடிஞ்சு கிடக்கு" என்றான் குலாஸ். "தூக்கினவங்களுக்குச் சோறு போடாம அனுப்புற ஊரா இது? ஏணியை ஊனு."

இலாரியோ இடக்கையால் ஏணியை ஊன்றினான். முதலில் ஏறியவன் குலாஸ். பஸ்தோரா சுடுசோறும் கருவாடும் வைத்தாள். அவன் ஒவ்வொரு முள்ளாக எடுத்து, உறிஞ்சி, மறுசோறு கேட்டு வாங்கித் தின்றான். அக்கரைச் சோற்றில் உப்பில்லை என்று குறை சொன்னான். இலாரியோ எதிரே உட்கார்ந்து அவன் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டிலும் மூங்கில் அழுந்திய தடம் சிவந்திருந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தலையில் வெயில் ஏற ஏற, துப்பாக்கிக்காரர்கள் குலாஸ் சாப்பிட்டு முடிக்கக் காத்து நின்றார்கள்.