ஒரு விளக்கு, நாற்பது முகங்கள்

வீட்டிலேயே முதல் டிகிரி வாங்கியவள் என்பதால் தெருவே அவளைப் பட்டதாரி என்றுதான் கூப்பிட்டது. பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். "பட்டதாரி, இந்த ஃபாரத்தை நிரப்பிக் குடு", "பட்டதாரி, பேங்க்லேர்ந்து என்னமோ வந்திருக்கு பாரு" என்று ஊர் வேலையெல்லாம் தலையில் கட்டுவதற்கான பெயர் அது. படித்த படிப்புக்குக் கிடைத்ததோ, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கும் வேலை. பதிலுக்குத் திட்டக் கூடாது என்பது அங்கே முதல் விதி. அது அவளுக்கு எவ்வளவு பெரிய கொடுமை என்று அவளோடு ஐந்து நிமிஷம் பேசியவர்களுக்குத் தெரியும்.

அந்த வாய்தான் இப்போது ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்திருந்தது. அம்மாவின் கைக்கட்டைப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வரவேற்பறைப் பலகையில் இருந்த நர்சுகளின் படங்களைப் பார்த்து, "இதை எந்த மகராசன் எடுத்தது?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். எடுத்தவன் கேமராவின் தலையிலேயே ஃப்ளாஷை வைத்து நேராக முகத்தில் அடித்திருந்தான். ஒவ்வொருவரும் போலீசில் பிடிபட்டவர் மாதிரி வெளுத்துப்போய், முதுகுக்குப் பின்னால் கரிய நிழலோடு நின்றார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது தலைமை நர்ஸ்.

"பேசுறது சுலபம். நீ எடு பார்ப்போம்," என்றார் அவர். "வெள்ளிக்கிழமை, நாற்பது பேர். நல்லா வந்தா மத்த ரெண்டு கிளையும் உனக்குத்தான். வரலைன்னா வாயை மூடிக்கிட்டு உன் ஆபீசுக்குப் போ."

ஒரு வாரம் லீவு போட்டாள். ஞாயிற்றுக்கிழமையோடு அது முடிகிறது. சம்பளத்தில் வாங்கி, புத்தகம் பார்த்துப் பழகிய கேமரா கையில் இருந்தது. இல்லாதது, கேமராவை விட்டுத் தள்ளி நின்று எரிகிற ஒரு ஃப்ளாஷ்.

புதன்கிழமை அண்ணனைக் கூட்டிக்கொண்டு கேமரா கடைக்குப் போனாள். அண்ணன் பைக் மெக்கானிக். மூட்டை தூக்க வந்தவன். ஆனால் கடைக்காரர் அவனைப் பார்த்துத்தான், "சொல்லுங்க சார், என்ன வேணும்?" என்றார்.

"எனக்கு மூணு வேளைச் சோறும் கொஞ்சம் மரியாதையும் போதும் சார். சாமான் வேணுங்கறது இவளுக்கு."

கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்திலேயே பெரிய பெட்டி ஒன்றை இழுத்து வைத்தார். "புதுசா பழகுறீங்களாம்மா? இதான் சரி. ரெண்டு பெரிய லைட்டு, வெளிச்சத்தை மெத்துன்னு ஆக்க ரெண்டு சாஃப்ட்பாக்ஸ். சுவத்துல சொருகினா வேலை முடிஞ்சுது."

"எங்க சொருகறது? நான் எடுக்கப்போறது ஆஸ்பத்திரி வராந்தா. ஸ்ட்ரெச்சர் போற வழியில வயர் போட்டா தலைமை நர்ஸ் என்னையே ஸ்ட்ரெச்சர்ல ஏத்திடுவாங்க. பேட்டரில ஓடுற சின்ன ஃப்ளாஷ் ஒண்ணு குடுங்க. ஒண்ணு போதும்."

"அப்போ ஆட்டோமேட்டிக் எடுத்துக்கோங்க. வெளிச்சத்தை அதுவே அளந்துக்கும். நீங்க ஒண்ணும் யோசிக்கவே வேணாம்."

யோசிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும். "வெள்ளை யூனிஃபார்மைப் பார்த்தா அது பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைக்கும். அடுத்தவங்க கருநீல ஸ்வெட்டர் போட்டு வந்தா கூட்டும். நாற்பது பேரும் நாற்பது நிறமா வருவாங்க. ஒரே நாற்காலி, ஒரே தூரம். ஒரு தடவை கையால வச்சா கடைசிவரைக்கும் அப்படியே நிக்கணும். மேனுவல் குடுங்க."

கடைக்காரர் அலமாரியைத் திறந்தார்.

ஒரு மேனுவல் ஃப்ளாஷ். கேமராவில் ஒன்றும் ஃப்ளாஷில் ஒன்றுமாக மாட்டுகிற டிரிக்கர் ஜோடி. இங்கே அமுக்கினால் அங்கே எரியும். வெளிச்சத்தை மெத்தென்று பரப்ப ஒரு வெள்ளைக் குடை, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளாம்ப். பென்சில் செல் இரண்டு செட். ஸ்டாண்டை மட்டும் அண்ணன் வாங்கிப் பார்த்தான். ஒரு விரலால் தட்டினான். ஆடியது.

"இது யாராவது தும்மினா படுத்துடும் சார். கொஞ்சம் கனமா காட்டுங்க." பிறகு குடையைப் பார்த்துத் தங்கையிடம், "ஏன் தள்ளி வைக்கணும்? மூஞ்சிக்கு நேரா அடிச்சா நல்லாத் தெரியுமே?"

"நீ பைக் டேங்க்ல நசுங்கல் இருக்கான்னு எப்படிப் பார்ப்ப?"

"டார்ச்சைப் பக்கத்துல சாய்ச்சுப் பிடிச்சு."

"மூஞ்சியும் டேங்க்தான்."

"உன்னோடது டேங்கேதான்," என்றான் அண்ணன்.

மறுநாள் அவனையே நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். கிரீஸ் படிந்த அந்த முகம் பத்திரிகை அட்டையில் வருகிற மாதிரி வந்தது. அவன் அதைப் பத்து பேருக்கு அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. வாசல் போர்டையும் ஒரு படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். சுள்ளென்ற வெயிலில் எடுத்து முடித்து உள்ளே வந்தாள். வராந்தா ஓரம் நாற்காலி, பக்கவாட்டில் குடை, ஸ்டாண்டின் காலில் கனத்துக்குத் தண்ணீர் கேன், அதன்மேல் காவலாக அண்ணன். ஷிப்ட் மாறுகிறபோது இரண்டு டூட்டி ஆட்களும் ஒன்றாக இருக்கும் நேரம் நாற்பத்தைந்து நிமிஷம்தான். முதல் ஆளாகத் தலைமை நர்ஸே வந்து உட்கார்ந்தார். பின்னால் நர்சுகளின் வரிசை கிசுகிசுத்தது.

அமுக்கினாள். குடை பளிச்சென்று எரிந்தது. படத்தைப் பார்த்தாள்.

தலைமை நர்சுக்குப் பாதி முகம்தான் இருந்தது. மறுபாதி, கோடு போட்டு வெட்டின மாதிரி கும்மிருட்டு.

மறுபடி அமுக்கினாள். மறுபடியும் பாதி. செல்லை மாற்றினாள். டிரிக்கரைக் கழற்றி மாட்டினாள். அதே பாதி. ஹெட்ஃபோன், ஆபீஸ் நாற்காலி, "மன்னிக்கணும் சார், உங்க சிரமம் புரியுது சார்" எல்லாம் கண்முன்னே வந்து நின்றன.

பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க சாமான் வித்தீங்க? பாதி வெளிச்சம்தான் வருது! புதுசா பழகுறவதானேன்னு ஓட்டையைத் தலையில கட்டிட்டீங்களா?"

"மேடம், செட்டிங் எல்லாம்..."

"செட்டிங்கா? எனக்கேவா? கேளுங்க. மேனுவல்ல இருக்கு. ஃப்ளாஷ் கால் பவர். ஐ.எஸ்.ஓ. இருநூறு. ஷட்டர் நானூ..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

வாசலில் வெயிலுக்காக ஷட்டர் வேகத்தை நானூறுக்கு ஏற்றியிருந்தாள். இறக்கவே இல்லை. அவள் கேமராவில் இருநூறுக்கு மேல் போனால், ஃப்ளாஷ் எரிகிற நேரத்தில் ஷட்டரின் திரை பாதி மூடியிருக்கும். இதை அவள் எத்தனை முறை படித்திருக்கிறாள்! பரீட்சையில் கேட்டால் பத்துக்குப் பத்து வாங்கியிருப்பாள்.

"நானூறா மேடம்?" என்றது போன். அந்தக் குரலில் இருந்த சர்க்கரையைக் கரைத்துப் பத்து பேருக்கு டீ போடலாம்.

"...சாமான் நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னுது. திட்டினது அதைவிடப் பெரிய தப்பு." போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. சமாளிக்க ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கு அது எப்போதும் வாய்க்காது.

"ஒரு நம்பரை மாத்த மறந்துட்டேன் மேடம். மறுபடி எடுக்கணும்."

தலைமை நர்ஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாங்க ஊசி போடும்போது இப்படிச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"ஓடிடுவாங்க."

"நீ ஓடலை. எடு."

ஷட்டரை நூற்று அறுபதுக்கு இறக்கி அமுக்கினாள். முழு முகம் வந்தது. பக்கத்திலிருந்து விழுந்த வெளிச்சம் தாடையை வரைந்து, கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்திருந்தது. சுவரில் நிழலே இல்லை. தலைமை நர்ஸ் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"எனக்குத் தாடை இருக்கா?"

"இருந்துச்சு மேடம். போன தடவை எடுத்தவன் காட்டலை."

வரிசை சிரித்தது. அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஒருத்தருக்கு ரெண்டு படம்தான்! இது கல்யாண ஆல்பம் இல்லை!" என்று கத்திக் கத்தி நாற்பதையும் முடித்தாள். திட்டு வாங்கின நர்சுகள் சந்தோஷமாகச் சிரித்தார்கள். சிரித்த முகங்கள் அப்படியே படத்தில் விழுந்தன.

குடையை மடக்கும்போது தலைமை நர்ஸ் வந்தார். "அடுத்த கிளைக்குத் திங்கட்கிழமை காலையில ஏழு மணிக்கு வர முடியுமா?"

"வரேன்," என்றாள், மூச்சுகூட விடாமல்.

அவர் போன பிறகு அண்ணன் தண்ணீர் கேனிலிருந்து எழுந்தான். "திங்கட்கிழமை உனக்கு ஆபீஸ்."

"இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன். வேலையை விடறேன்னு."

"திட்டாம சொல்லு."

அவள் போனைக் கையில் எடுத்தாள். "முயற்சி பண்றேன்," என்றாள்.