சேற்றுக்காட்டில் பூச்சி

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கரப்பான் ஒன்று பறந்தால் சமையலறையை அதற்கே எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு ஆளைக் கொல்லும் கேம் எதற்கு என்று என் வீட்டுக்காரர் அஸாருதீன் கேட்காத நாளில்லை. அவருக்குச் சேலம் கோட்டைப் பக்கம் லாரித் தார்ப்பாய்க் கடை. பிள்ளைகளுக்கென்று அவர் வாங்கிப்போட்ட கேம் பெட்டி அது. பிள்ளைகள் கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டார்கள். என்னை அது விடவில்லை.

வாளும் மந்திரமும் ராட்சசர்களும் உள்ள கேம். ஈவு இரக்கம் என்பதே கிடையாது. ஒரு மூலை திரும்புவதற்குள் பத்துத் தடவை சாக வேண்டும். செத்தால், வந்த வழியெல்லாம் மறுபடி நடக்க வேண்டும். தனியாக ஆடியிருந்தால் முதல் பாலத்தையே நான் தாண்டியிருக்க மாட்டேன். எனக்குத் துணையாக வந்தவள் மோகனப்பிரியா.

அவளை நான் பார்த்ததில்லை. மோகனூர்ப் பக்கம் கரும்புக்காட்டு நடுவே அவளுக்குத் தோட்டத்து வீடு. புருஷன் சபரிநாதன் சொந்தமாக லாரி ஓட்டுகிறவர். வடக்கே போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அவர் ஆசையாக வாங்கிவைத்த பெட்டியில்தான் இவள் ஆடினாள். ஆடினாள் என்பது தப்பு, வேட்டையாடினாள். முதல் நாள் ஹெட்செட்டில், "பயப்படாம வாங்க சாமி" என்றாள். திடுக்கிட்டுப் போனேன். "நான் முஸ்லிம் வீட்டுப் பொண்ணும்மா, என்னைப் போய் சாமிங்கறே" என்றேன். "அதனாலென்னங்க, எங்க பக்கம் கோழிக்குஞ்சு வரைக்கும் எல்லாம் சாமிதானுங்க" என்றாள்.

அந்த கேமில் துணைக்கு வருகிறவர் என் உலகத்துக்குள் நீல வெளிச்சத்தில் ஒரு உருவமாக வந்து நிற்பார். அந்த உருவம் உயிரோடு இருக்கும் வரைதான் காதில் குரல் கேட்கும். அது செத்தாலும் நான் செத்தாலும் பேச்சு அறுந்துவிடும். மறுபடி பேச வேண்டுமென்றால் அவள் தன் பக்கத்தில் பொத்தானை அழுத்தித் திரும்ப வர வேண்டும். போன் நம்பர் வாங்கிக்கொள்ள எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அதுதான் தினமும் கேமில் பார்த்துக்கொள்கிறோமே.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுதுவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். நாங்கள் சேற்றுக்காட்டுக்குள் நுழைந்தோம். அது நாங்கள் வைத்த பெயர். முழங்கால் அளவு பச்சைச் சேறு, மேலே பனிமூட்டம். அதற்குள் எருமை அளவுக்குப் பூச்சிகள் படுத்திருக்கும். கடித்தால் உருவத்தின் தலைக்கு மேலே பச்சைக்கோடு ஒன்று ஏறும். அது நிறைந்தால் விஷம். விஷமுறி வேர் ஒன்றைத் தின்றால் இறங்கிவிடும். அங்கே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ரீங்காரம் மட்டும் இடது காதிலிருந்து வலது காதுக்கு நகரும். வழக்கம்போல பிரியா முன்னால் போனாள். நான் அவள் முதுகை ஒட்டிக்கொண்டு, ஏதாவது அசைந்தால் கத்துவது என்ற என் வேலையைச் செய்துகொண்டு வந்தேன்.

நடுச்சேற்றில் அவள் உருவம் நின்றது.

"சாமி" என்றாள். குரல் அடங்கி வந்தது. "பூச்சி கடிச்சிருச்சுங்க."

"வேரைத் தின்னு" என்றேன்.

"கால்லங்க. பூச்சி கடிச்சிருச்சு."

"கால்ல கடிச்சா என்ன, கையில கடிச்சா என்ன. மூட்டை மூட்டையா வேர் வெச்சிருக்கியே, ஒண்ணு தின்னேன்."

அவள் உருவம் அசையவே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சந்தைக்கு வந்தவள் போல நடுச்சேற்றில் நின்று வேடிக்கை பார்க்கிறாளே என்று நினைத்து அவள் தலைக்கு மேலே பார்த்தேன். பச்சைக்கோடே இல்லை. உயிர்க்கோடு முழுசாக இருந்தது. சுற்றுமுற்றும் ஒரு பூச்சியும் இல்லை. கேமில் அவளை எதுவும் கடிக்கவில்லை.

"பிரியா, எந்தப் பூச்சி?"

"கட்டில்ல இருந்து கால கீழ ஊனினேனுங்க. அடியில கெடந்திருக்குது. இப்ப வாசப்படியில போய்ப் படுத்துக்கிச்சு. பெருசுங்க. படம் எடுக்குது."

எங்கள் தெருவில் பாம்பைப் பாம்பு என்றுதான் சொல்வோம். காட்டுப் பக்கத்தில் விளக்கு வைத்த பிறகு அந்தப் பேரை எடுக்கமாட்டார்கள், எடுத்தால் தேடி வரும் என்பார்கள். பூச்சி என்றுதான் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா. தெரியும். தெரிந்தும், காலில் பல் பதிந்து உட்கார்ந்திருக்கிறவளிடம் வேரைத் தின்னு என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

"போன் எங்கே?"

"டிவி மேசையில சார்ஜ்ல கெடக்குதுங்க. அது வாசப்படி ஓரந்தான். கன்ட்ரோலரும் கீழ உழுந்துருச்சு. நான் கட்டில் மேல காலத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கறேன்."

அப்போது இடது காதில் ரீங்காரம் கேட்டது.

அந்த நிமிஷம் எனக்கு வந்த பயத்தை அதற்கு முன்னால் நான் பட்டதில்லை. பனிமூட்டத்திலிருந்து இரண்டு பூச்சிகள் வந்துகொண்டிருந்தன. பிரியாவின் உருவம் அசைய முடியாமல் நிற்கிறது. அது செத்தால் அவள் குரல் போய்விடும். கன்ட்ரோலர் பாம்பு இருக்கிற தரையில் கிடக்கிறது, அவளால் திரும்பி வர முடியாது. அவள் வீடு எங்கே என்றும் எனக்குத் தெரியாது. மோகனூர்ப் பக்கம் கரும்புக்காடு என்றால் எந்தக் கரும்புக்காடு? அவள் கடிபட்டிருப்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளிவாசலிலிருந்து வந்த அஸார் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். "என்னங்க, பிரியாவைப் பூச்சி கடிச்சிருச்சு" என்று கத்தினேன்.

"வேர் தின்னச் சொல்லு" என்றார் அவர்.

"பாம்புங்க. நெஜப் பாம்பு. அவ வீட்ல."

"அந்தப் பேரச் சொல்லாதீங்க சாமி" என்று காதுக்குள் கெஞ்சினாள் பிரியா.

அஸார் முகம் மாறிவிட்டது. உடனே 108-க்குப் போன் போட்டார். நான் பூச்சிகளுக்கும் அவள் உருவத்துக்கும் நடுவே போய் நின்றேன். முன்னால் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, அதுவரை நின்றதே இல்லை. முதல் பூச்சி என் மேல் பாய்ந்ததில் பாதி உயிர் போனது. கண்ணை மூடிக்கொண்டு வாளை வீசினேன். எதிலோ பட்டது.

"வீடு எங்கேன்னு கேட்கிறாங்க" என்றார் அஸார்.

"பிரியா, உன் வீட்டுக்கு வழி சொல்லு."

"மெயின் ரோட்டுல இருந்து கீழ எறங்கி, வாய்க்கா தாண்டுனா, ராசம்மாக்கா கோழிப்பண்ணைக்கு அடுத்த தோட்டமுங்க."

"எந்த வாய்க்கால்?"

"வாய்க்காதானுங்க."

ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு வாய்க்காலுக்குப் பேர் எதற்கு. அஸார் சொன்னதைக் கேட்டுவிட்டு, 108-காரர்கள், வண்டியை மோகனூருக்கு அனுப்புகிறோம், அதற்குள் சரியான இடம் சொல்லுங்கள், கடிபட்டவர் காலை அசைக்க வேண்டாம், கட்டுப் போட வேண்டாம் என்றார்கள். அஸார் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, "அவ வீட்டுக்காரர் லாரி முகப்புல என்ன எழுதியிருக்குன்னு கேளு" என்றார்.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்டேன்.

"மோகனப்பிரியா ரோடுவேஸுங்க" என்றாள். இவ்வளவு பயத்திலும் அவளுக்குக் கூச்சம் வந்தது. "இருக்கறது ஒரே வண்டிதானுங்க."

சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆள் தொலைந்தால் தேடுவது கஷ்டம். லாரி தொலையாது. அஸார் நாமக்கல்லில் தனக்குத் தெரிந்த லாரி புரோக்கர்களுக்கு ஒருவர் விடாமல் போன் போட ஆரம்பித்தார்.

பூச்சிகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றைக் கொன்றால் அந்தச் சத்தத்துக்கு இன்னொன்று எழுந்தது. ஒன்று என்னைச் சுற்றிக்கொண்டு போய் அவள் உருவத்தைக் கடித்தது. பச்சைக்கோடு ஏறியது. உயிர்க்கோடு பாதிக்கு வந்துவிட்டது. என்னிடம் ஒரு மந்திரம் உண்டு. மண்டியிட்டு ஓதினால் பக்கத்தில் நிற்பவருக்கும் உயிர் ஏறும். ஆனால் ஓதி முடிக்கும் வரை அசையக் கூடாது. யா அல்லாஹ் என்று சேற்றில் மண்டியிட்டேன். முதுகில் கடி விழுந்துகொண்டே இருந்தது. முடிப்பதற்குள் என் கோட்டில் ஒரு நூல் அளவுதான் மிச்சம் இருந்தது.

"கண்ணு சொருகுதுங்க" என்றாள் பிரியா. நாக்கு தடித்து வந்தது.

"தூங்காதே. பேசிட்டே இரு. இன்னைக்கு என்ன சமைச்சே?"

"அரிசிம்பருப்பு."

"எப்படிச் செய்வேன்னு சொல்லு. எனக்குத் தெரியாது."

"சின்ன வெங்காயம் வதக்கோணும். பயப்படாதீங்க சாமி. பூண்டு தட்டிப் போடோணும்."

"அய்யோ வருது, பெருசா வருது பிரியா."

"பயப்படாதீங்க. தக்காளி. அப்பறம் அரிசியும் பருப்பும் ஒண்ணாக் கழுவி." அங்கே நின்றுவிட்டாள்.

"கழுவி?"

"கழுவி."

"கழுவி என்ன பண்ணணும் பிரியா?"

"தண்ணி ஊத்தோணும். இருக்கறனுங்க. பயப்படாதீங்க."

வாயில் வருவதெல்லாம் கொழகொழவென்று ஆகிவிட்டது. நான் அழுதுகொண்டே வெட்டினேன். திரையே தெரியவில்லை. பின்னால் அஸார் யாரிடமோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார், பிறகு தமிழில் கத்தினார். சபரிநாதன் நாக்பூர் பக்கத்தில் ஒரு டீக்கடையில் கிடைத்துவிட்டார். அவர் ராசம்மாளின் கோழிப்பண்ணைக்குப் போன் போட்டார், அஸார் 108-க்கு இடத்தைச் சொன்னார்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் காதில் நாய் குரைத்தது. ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. "எங்க பூச்சி, எங்க" என்றான் ஒருவன். தடி தரையில் விழுந்தது. "வாசப்படி, வாசப்படி." அடி மேல் அடி. அப்புறம், "தூக்குங்க, காலப் புடிக்காத, அப்படியே தூக்கு" என்று ஒரு பெண் குரல். ஹெட்செட் எங்கேயோ மோதி விழுந்தது. ஆட்களின் சத்தம் தூரமாகப் போனது.

காலி வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் வந்தது.

"தூக்கிட்டுப் போயிட்டாங்கல்ல, விடு தஹ்சீன்" என்றார் அஸார்.

என்னால் விட முடியவில்லை. அடுத்த பூச்சி வந்தது. அதையும் வெட்டினேன். அந்த நீல உருவத்தை ஆட்டிவைக்க அங்கே கை இல்லை, அதற்குப் பின்னால் ஆள் இல்லை. ஆனாலும் அது சாய்ந்தால் அங்கே அவளும் சாய்ந்துவிடுவாள் என்று எனக்கு இருந்தது. இது முட்டாள்தனம் என்று எனக்கே தெரியும். பயத்துக்கு அதெல்லாம் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்குள் யாரோ திரும்பி வந்தார்கள். அலமாரி திறந்தது. ராசம்மாளாகத்தான் இருக்க வேண்டும். போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல சாமி. ஒண்ணுமே இல்ல. வண்டிய அங்கயே போட்டுட்டு நீ மட்டும் கெளம்பி வா."

நம் ஊரில் ஒண்ணுமில்லை, கிளம்பி வா என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது. அதன் பிறகு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். மின்விசிறி நின்றது. கடைசிச் சுவிட்சில் என் பக்கத்து நீல உருவம் இல்லாமல் போனது.

நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். சேற்றில் தனியாக நின்ற என்னைப் பூச்சிகள் கொன்றன. தடுக்கவில்லை.

பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள், மருந்து ஏறுகிறது, இனி ஆண்டவன் விட்ட வழி என்றார் சபரிநாதன். அஸார் கேட்கும் போதெல்லாம் இதே பதில்தான். அந்தப் பெட்டியின் மேல் துணியைப் போட்டு மூடினேன். குழாயை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கே நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினோம்.

வார்டில் எந்தக் கட்டில் என்று தெரியாமல் நின்றேன். வாட்டசாட்டமான ஒருத்தியை என் கண் தேடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில், கால் வீங்கி, குச்சி போல ஒரு பெண் என்னைப் பார்த்து, "சாமி" என்றாள். தொண்டை கட்டியிருந்தது. ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியாதா.

பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு பூச்சிகளைக் கொன்றேன், அவள் உருவத்தைச் சாகவிடாமல் எப்படிக் காப்பாற்றினேன், அரிசிம்பருப்பு கேட்டுக் கேட்டு அவளை எப்படித் தூங்கவிடாமல் வைத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்படிங்களா. எனக்கு ஒண்ணுந் தெரியலீங்க. கண்ணயே தொறக்க முடியல. உங்க கத்தல் மட்டுந்தான் கேட்டுச்சு. அய்யோ வருது வருதுன்னு. பூச்சி கடிச்சா தூக்கம் எப்படி இழுக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. விட்டாப் போதும், போயிரலாம். ஆனா நான் பேச்ச நிறுத்துனா, இந்தம்மா தனியா நின்னு பயந்தே செத்துப்போயிரும்னுதான் பேசிக்கிட்டே இருந்தேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.