அழாமல் இருக்கப் பத்து நாள் ஒத்திகை

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மாக்காரிக்கு அதில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்வதும் எழுந்திருப்பதும், கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்தப் பக்கம், விளையாட்டு அறையில், அவளுடைய மூன்று வயது மகள் குண்டூசி சமர்த்தாகச் சம்மணம் போட்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் இது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடிதான்.

குண்டூசி என்று பெயர் வைத்தது அவளுடைய சித்தப்பா. ஆள் சின்னது, தொட்டால் குத்தும். லிஃப்டில் பொத்தானை வேறு யாராவது அமுக்கிவிட்டால் ஏழு மாடிக்கும் கேட்கிற மாதிரி அலறுவாள். ஒரு சட்டையை மாட்டிவிடுவதற்குள் பெற்றவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அப்படிப்பட்ட பெண்ணைத்தான் இன்று மழலையர் பள்ளி எடைபோடுகிறது. பிள்ளையின் சுபாவத்தைப் பார்த்துத்தான் எந்த வகுப்பு, எந்த டீச்சர் என்று முடிவு செய்வார்கள். காலை வகுப்பு கிடைத்தால் திங்கட்கிழமை பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை வேலையில் சேரலாம். கிடைக்காவிட்டால் வேலை கைநழுவிவிடும். மூன்று வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள், அந்த வேலைக்காகத் தவித்தாள்.

அதற்காக அவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே பையனைச் சேர்த்திருந்த எதிர்வீட்டுக்காரியிடம், உள்ளே என்னவெல்லாம் நடக்கும் என்று துருவித் துருவிக் கேட்டாள். பிறகு பத்து நாள் வீட்டில் ஒத்திகை. புருஷன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு புது ஆளாக வருவான். குண்டூசி சிரிக்க வேண்டும். பாதி விளையாட்டில் பொம்மையைப் பிடுங்குவான், அழக் கூடாது. கட்டைக் கோபுரத்தைத் தட்டிவிடுவான்; பேசாமல் மறுபடி அடுக்க வேண்டும். முதல் நாள் அவன் மணிக்கட்டில் பல் பதிந்தது. பத்தாம் நாள் ஒரு சத்தம் இல்லை. "பாத்தீங்களா, எப்படித் தேறிட்டா!" என்று இவள் பூரித்துப்போனாள். நிரப்பித் தரச் சொன்ன படிவத்தில், அடம் பிடிப்பாளா என்ற கேள்விக்கு, இல்லவே இல்லை என்று கூசாமல் எழுதியும் கொடுத்தாள்.

இப்போது அறைக்குள், பிள்ளைகளின் சுபாவத்தைக் கணிக்கும் ஆலோசகர், குண்டூசி உருட்டிக்கொண்டிருந்த நீலப் பொம்மை லாரியை எடுக்கக் கை நீட்டினார். கேட்பதற்கு முன்பே குண்டூசி அதை நீட்டிவிட்டாள். கோபுரம் சரிந்தது, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அடுக்கினாள். இன்னும் வந்தே சேராத புது ஆளுக்காகக் கதவைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடி இருந்தாள். அம்மாக்காரிக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு, இது தன் மகள்தானா என்று கண்ணாடியருகே போய் உற்றுப் பார்த்தாள்.

அரை மணி கழித்து ஆலோசகர் இவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரொம்ப பயந்த சுபாவம்மா. எதுக்குமே மறுப்பு சொல்ல மாட்டேங்கிறா. இருபது பிள்ளைங்க இருக்கற காலை வகுப்புல திணறிடுவா. ஒரு வருஷம் போகட்டும்."

"பயமா? அவளுக்கா?" இவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "மேடம், அவ மத்தவங்களைப் பயமுறுத்துவா! கடிப்பா. செருப்பைத் தூக்கி எறிவா."

ஆலோசகர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "இல்லவே இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

வசமாக மாட்டிக்கொண்டாள். தொப்பியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். சொல்லச் சொல்ல அவமானத்தில் காது சுட்டது.

"நாங்க ஒண்ணும் நல்ல பிள்ளையாப் பொறுக்கி எடுக்கலம்மா," என்றார் ஆலோசகர். "இவ எப்படின்னு தெரிஞ்சாதான் எங்க உட்கார வைக்கறதுன்னு தெரியும். இன்னிக்கு நான் பார்த்தது உங்க பொண்ணே இல்ல. இதை வச்சு எப்படி சேர்த்துக்கறது?"

வெளியே நடைவழியில் குண்டூசி ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாக்காரி குனிந்து, "முடிஞ்சிடுச்சுடா கண்ணு, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

"அந்த லாரி எனக்கு வேணும்," என்று குண்டூசி கிசுகிசுத்தாள். அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா, இப்ப அழலாமா?"

அழுகையை அடக்கிக்கொண்டு இந்தக் குழந்தை தன் அனுமதிக்காகக் காத்திருந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அழுடி தங்கம். எவ்வளவு வேணுமோ அழு."

குண்டூசி தரையில் மல்லாந்து விழுந்தாள். பத்து நாள் பாக்கியையும் சேர்த்து வைத்து அலறினாள். காத்திருந்த மற்றப் பெற்றோர் முகம் சுளித்தார்கள். எப்போதும் ஓடிப்போய் வாயைப் பொத்துகிறவள் இன்று பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆலோசகர் கதவருகே வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிடம். பிறகு குண்டூசி தானாக எழுந்து, அம்மாவின் தோளில் மூக்கைத் துடைத்து, நேரே அவரிடம் போய், "லாரி குடு" என்று அதட்டினாள்.

ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு புதுப் படிவத்தை எடுத்தார். "வீட்லயும் இப்படித்தானா?"

உண்மையைச் சொன்னால் வேலை போனாலும் போகலாம். அம்மாக்காரி ஒரு நொடி தயங்கினாள்.

"தினமும் ரெண்டு தடவை மேடம். ஞாயித்துக்கிழமைன்னா மூணு."

ஆலோசகர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். "தானா அழுது தானா அடங்கறா. வேணுங்கறதை வாய்விட்டுக் கேக்கறா. காலை வகுப்பு தாங்குவா. திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க."

அம்மாக்காரி தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் மகளுக்குப் போட்டியாகத் தானும் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.