மூன்றாம் எடுத்துக்காட்டு: வெந்நீர்ப் பை

1.

இந்தக் கதை பிறந்த விதம் அப்படியொன்றும் கௌரவமானதல்ல. சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்குத் தன் வெப்ப ஏற்புத்திறன் பற்றி எளிமையான கட்டுரை கேட்டிருந்தார்கள். அன்றாட வாழ்விலிருந்து மூன்று எடுத்துக்காட்டாவது வேண்டும் என்றார்கள். சரி, என்ன பெரிய மலையைப் புரட்டுகிற வேலை என்று உட்கார்ந்தேன்.

முதல் பத்தி வந்துவிட்டது. ஒரு கிலோ பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த எவ்வளவு வெப்பம் தேவையோ, அதுதான் அந்தப் பொருளின் தன் வெப்ப ஏற்புத்திறன். இரும்புக்குக் கொஞ்சம் போதும். தண்ணீருக்கு ஏராளமாக வேண்டும். அதனால்தான் தண்ணீர் காய்வதற்கும் நேரமாகிறது, ஆறுவதற்கும் நேரமாகிறது.

எடுத்துக்காட்டு ஒன்று, கடல்காற்று. வெயிலில் தரை சட்டென்று காய்கிறது, கடல் காய்வதில்லை. அந்த வித்தியாசத்தில் கிளம்பும் காற்று கடற்கரைப் பக்கம் மதியமே வந்துவிடும். கொரட்டூருக்கு வரும்போது களைத்திருக்கும். ஆவடிக்காரர்களுக்கு அது பெரும்பாலும் ஒரு வதந்தி.

எடுத்துக்காட்டு இரண்டு, லாரி ரேடியேட்டர். எஞ்சினின் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டும் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் கொதித்துவிடாமல் பொறுத்துக்கொள்ளும்.

எடுத்துக்காட்டு மூன்று என்று போட்டு, "அனுசுயா தன் மாமனாரின் காலடியில் வெந்நீர்ப் பையை வைத்தாள்" என்று எழுதினேன்.

அங்கேதான் கெட்டது. கட்டுரையில் யாருக்கும் பெயர் வைக்கக் கூடாது. வைத்தால் ஆள் வந்து உட்கார்ந்துவிடும். வந்து உட்கார்ந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. எதற்காக இவ்வளவு வெட்கப்படுகிறாள் என்று கேட்கப் போய், கட்டுரையும் போயிற்று, இதழாசிரியரின் நட்பும் போயிற்று.

2.

எப்படித் தொடங்குவது?

கொரட்டூர் ஏரியின் மேல் மாலை வெயில் மெல்ல —

[வேண்டாம். அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து ஏரி தெரியாது. பக்கத்து அபார்ட்மெண்ட்டின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.]

அனுசுயா ஒரு நல்ல மருமகள், அன்பான மனைவி, கண்டிப்பான —

[இதுவும் வேண்டாம். இது பள்ளி ஆண்டு விழாப் பேச்சு.]

அனுசுயாவுக்குத் தவறான விடையைக் கண்டால் பொறுக்காது.

இதுதான் சரி. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறாள். பேருந்தில் முன்பின் தெரியாதவர் பக்கத்து ஆளிடம் தப்பாக ஏதாவது சொன்னால்கூடத் திரும்பி உட்கார்ந்து திருத்துவாள். அப்படித் திருத்தப் போய் ஒருமுறை நிறுத்தம் தப்பி இறங்கியிருக்கிறாள்.

அவள் மாமனார் சின்னசாமி. பாரிவாக்கத்தில் கூலிக்குக் களை எடுத்த குடும்பத்தில் பிறந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டி, மகன் அரவிந்தனை இஞ்சினியராக்கியவர். மகன் படித்ததைவிட, மகன் கட்டியவள் டீச்சர் என்பதில்தான் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. டீக்கடையில் யார் என்ன சந்தேகம் கேட்டாலும், "இரு, எம் மருமவளாண்ட கேட்டுச் சொல்றேன். அது பிஜிக்ஸு" என்பார். கேட்ட சந்தேகம் ரேஷன் அரிசியைப் பற்றியதாக இருந்தாலும் சரி.

அவருக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. ஆனால் எந்நேரமும் கால் ஜில்லிட்டிருப்பதாக ஒரு தொந்தரவு. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால், பகலில் பார்த்துக்கொள்ள நெமிலிச்சேரியிலிருந்து பொன்னியம்மா ரயிலில் வருகிறாள். தினமும் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவர் காலுக்கு ஒத்தடம் கொடுப்பது அவள் வேலைகளில் ஒன்று.

3.

ஒரு விடுமுறை நாளில் அனுசுயா இதைப் பார்த்தாள். உப்பு முடிச்சு அடுப்புக்கும் கட்டிலுக்குமாகப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"எத்தனை தடவைதான் வறுப்பீங்க பொன்னியம்மா?"

"இன்னா பண்றது டீச்சரம்மா? வச்ச ஒடனே ஆறிப் பூடுதே."

"ஆறத்தான் செய்யும். உப்பால அவ்வளவுதான் சூட்டைப் பிடிச்சு வச்சுக்க முடியும். தண்ணி அதைப்போல அஞ்சு மடங்கு பிடிச்சுக்கும்."

"அஞ்சு மடங்கா!" கட்டிலில் இருந்த சின்னசாமி எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "கேட்டுக்கினியா பொன்னி? இத்தினி நாளா நம்ம மக்கு மாதிரி உப்பை வறுத்துகினு கீறோம்."

அன்று மாலையே மெடிக்கல் ஷாப்பிலிருந்து சிவப்பு ரப்பரில் ஒரு வெந்நீர்ப் பை வந்துவிட்டது.

அனுசுயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்தக் கதையில் அவள் ஓர் இடத்திலும் தப்பான எண்ணைச் சொல்லவில்லை. எனக்குச் சங்கடமே அதுதான். தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்திவிட்டுப் போயிருக்கலாம்.*

(* இங்கே பொன்னியம்மாவை ஒரு ஞானியாக்கிவிட எனக்குக் கை அரித்தது. "ஆறுறதுதாம்மா அதோட நல்ல கொணம்" என்று அவள் வாயில் ஒரு வசனம் வைத்தால் வாசகர் உச்சுக் கொட்டுவார். எழுதினேன், அடித்துவிட்டேன். பொன்னியம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. உப்பு வறுக்கிற வேலை மிச்சமாயிற்று என்று சந்தோஷப்பட்டாள். கிடைத்த நேரத்தில் சீரியல் பார்த்தாள்.)

4.

பொன்னியம்மாவுக்குக் கொதிக்கும் தண்ணீர் என்றால் பயம். மதியம் கீசர் குழாயிலிருந்து பிடித்து, கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையை நிரப்புவாள். அது மனிதர் தாங்குகிற சூடு.

ஒரு நாள் மாலை பொன்னியம்மா ரயிலுக்குக் கிளம்பிய பிறகு, "கால் ஜில்லுனு கீதும்மா அனு" என்றார் சின்னசாமி. அரவிந்தன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அனுசுயாவுக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் மேசை நிறையக் கிடந்தன. நடுவில் எழுந்துவரக் கூடாது, நெடுநேரம் சூடு நிற்க வேண்டும். கெட்டிலில் கொதித்த தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவாமல் அப்படியே பையில் ஊற்றினாள். மெல்லிய துண்டை ஒரு சுற்றுச் சுற்றி அவர் காலடியில் வைத்தாள்.

"சூடு எப்படி இருக்கு மாமா?"

"சொகமா கீதும்மா."

உணர்ச்சியே இல்லாத காலிடம் போய்ச் சூடு எப்படி என்று விசாரித்திருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டிருந்த அவர் அப்படியே தூங்கிப் போனார். தண்ணீர் ஆறவில்லை. அது தன் குணத்தை விடவில்லை.

மறுநாள் காலையில் கால் கழுவிவிட வந்த பொன்னியம்மாதான் பார்த்தாள். வலது பாதத்தின் ஓரத்தில் கொப்புளம், சுண்டுவிரல் வரைக்கும். அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

மருத்துவமனையில் டாக்டர், சுண்டுவிரல் நிலைக்குமா என்று சில நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். பிறகு நிமிர்ந்து, "இந்தக் காலுக்கு யாரு சூடு வச்சது?" என்று கேட்டார்.

அரவிந்தன் பொன்னியம்மாவைப் பார்த்தான்.

"நான்தான் சார், டெய்லி வைக்கிறது" என்றாள் பொன்னியம்மா. "கைய வச்சுப் பாத்துட்டுத்தான் சார் வச்சேன். எப்டி சுட்டுச்சுனே தெர்ல."

இந்த இடத்தில் அனுசுயா பேசியிருக்கலாம். பேச வைக்க நான் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. நான்காவது தடவை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது.

5.

மறுநாள் வகுப்பில் அவள் நடத்த வேண்டிய பாடம் இதுதான். [நான் திட்டமிட்டு வைத்ததில்லை. கால அட்டவணை அப்படி. சரி, திட்டமிட்டுத்தான் வைத்தேன்.]

ஒரு கிலோ தண்ணீர் தொண்ணூறு டிகிரியிலிருந்து நாற்பதுக்கு ஆறினால் வெளிவரும் வெப்பம் எவ்வளவு? பலகையில் கணக்குப் போட்டாள். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஜூல். அதே அளவு ஆறும்போது அரைக் கிலோ உப்பிலிருந்து? சுமார் இருபத்திரண்டாயிரம். இது வருஷா வருஷம் போடுகிற கணக்குதான். முதல் முறையாக அந்த வெப்பம் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரு பாதத்துக்குள் போனது.

முன் பெஞ்சில் ரேஷ்மா எழுந்தாள். "அப்ப உப்பு ஒத்தடம் வேஸ்ட்டா மிஸ்?"

"வேஸ்ட்டுனு சொல்ல முடியாது. அது... சீக்கிரம் ஆறிடும்."

"ஆறுனா நல்லதா மிஸ், கெட்டதா?"

அனுசுயா பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அழித்திருந்த இடத்தை மறுபடியும் அழித்தாள்.

வெட்கம் என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. சுட்டதற்காக வருத்தம் இருந்தது. அது வேறு. தெரியாமல் செய்தது, அழுதால் தீரும். டாக்டர் கேட்டபோது பொன்னியம்மா முன்னால் வந்து நின்றாளே, அந்த நொடியில் அனுசுயாவுக்குள் அப்பாடா என்று ஒரு நிம்மதி எழுந்தது. வெட்கம் அந்த நிம்மதிக்காக. ஒரு ஏழைப் பெண் தலையைக் குனிந்த நேரத்தில் தனக்கு மூச்சு லேசானதை அவள் நன்றாக உணர்ந்திருந்தாள். அடுத்தவர் விடைத்தாளை எட்டிப் பார்த்து எழுதுகிற பிள்ளைகளை எழுப்பி நிறுத்துகிறவள், அன்று யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வகுப்பை முடித்தாள்.

6.

சனிக்கிழமை அரவிந்தன் பொன்னியம்மாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டான். வேறு ஆள் பார்த்துக்கொள்ளப் போவதாக அனுசுயாவிடம் முன்பே சொல்லியிருந்தான்.

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவதில் அனுசுயா கடைசிவரை பேசுவதில்லை. பொன்னியம்மா வேலையிழந்து போகிறாள். இது நடக்கக் கூடியதுதான், நாட்டில் நாள்தோறும் நடக்கிறது. ஆனால் இவ்வளவு தூரம் கூட்டிவந்தவளை அப்படி விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

இரண்டாவதில், சின்னசாமி எல்லாம் தெரிந்தும் மருமகளுக்காக —

[சேச்சே. வயதானவர்களை இப்படிப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அவர் அன்று மாத்திரை போட்டுக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தார். யார் வைத்தது என்று அவருக்கு நினைவில்லை.]

மூன்றாவதில் அனுசுயா பேசுகிறாள். நான் தேர்ந்தெடுத்தது அதைத்தான். வாய்மை வெல்லும், கதை முடியும், நானும் எழுந்து காப்பி குடிக்கப் போகலாம் என்று நம்பினேன்.

"பொன்னியம்மா மேல தப்பில்லங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "நான்தான் வச்சேன். நான் வச்சதுதான் சுட்டுடுச்சு."

அரவிந்தன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபத்தைத்தான் எதிர்பார்த்திருந்தாள். கனிவு இருந்தது.

"அனு, உன் மனசு எனக்குத் தெரியும். அவங்க வேலை போயிடக் கூடாதுனு பாக்குற. அதுக்காகப் பழிய நீ ஏத்துப்பியா? எவ்வளவு சூடு வைக்கணும்னு உனக்குத் தெரியாதா? பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவளே நீதான்."

"இல்லைங்க, நிஜமாவே—"

"அதானே!" என்றார் கட்டிலிலிருந்து சின்னசாமி. "அது பிஜிக்ஸுடா! அதுக்கா தெரியாது? பாவம், பொன்னிக்கோசரம் பொய் சொல்லுது. தங்கமான பொண்ணு. உடு அரவிந்தா. போனாப் போவுது. பொன்னி இன்னா வேணும்னா சுட்டுச்சு? இந்த ஒரு தபா மன்னிச்சு உட்டுடு."

அரவிந்தன் தலையாட்டினான். "சரி பொன்னியம்மா. அனு சொல்றதால விடறேன். இனிமே பாத்துச் செய்யுங்க."

பொன்னியம்மாவின் வேலை பிழைத்தது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அனுசுயாவுக்கு ஒரு நல்ல பெயர்கூடச் சேர்ந்திருந்தது. இனிப் பேசித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லாமல் போயிற்று. இப்படி ஆகும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னவளை இந்த வீடு இவ்வளவு அன்பாகப் பொய்க்காரியாக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பொன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கே தெர்ல டீச்சரம்மா, எப்டி கைய வச்சுப் பாத்தேனோ, இன்னாவோ. சீரியல் ஞாபகத்துல அசந்துட்டேன் போல. எங்கையாலயே சுட்டுட்டனே. இனிமே இந்தக் கைய நம்பி யாராண்ட வேலைக்குப் போவேன்?"

சொல்லிக்கொண்டே கட்டிலருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். சின்னசாமியின் கட்டுப்போட்ட பாதத்தை மெல்லத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சுரு நைனா," என்றாள். "நான் பாவி."

அனுசுயா அவள் பின்னால் மூன்றடி தள்ளி நிற்கிறாள்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எழுத வராமல் இல்லை. "இல்ல பொன்னியம்மா" என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றும், "விடுங்க பொன்னியம்மா" என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றும் என்னிடம் தயாராக இருக்கின்றன. இரண்டுமே அவள் குரலுக்குப் பொருந்துகின்றன. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எதை எழுதுவதென்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் அதிகம் யோசிக்காதீர்கள். பொன்னியம்மா இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள்.