ரொசேரின் சக்கரமும் என் மஞ்சள் விளக்கும்

அந்த மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்து முப்பத்தொரு நாள் ஆகியிருந்தது. நான் எண்ணிக்கொண்டேதான் வந்தேன். எண்ணாமல் விட்டால் ரொசேர் ஜெயித்ததாக ஆகிவிடும்.

ரொசேர் என் தங்கை ஒடிலின் புருஷன். கனடாவில், சிக்குட்டிமியில் எங்களுடையது ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய இரட்டை வீடு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். நடுவில் ஒரே ஒரு சுவர், அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். போன வசந்தத்தில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி வண்டியை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினால் விலையைக் குறைப்பார்கள் என்றான். குறைத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. சாம்பல் நிறத்தில் இரண்டு வண்டிகள், கூடவே குளிர்காலத்துக்கென்று கறுப்பு இரும்பு ரிம்மில் மாட்டிய இரண்டு செட் சக்கரங்கள்.

ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளேயும் ஒரு சென்சார் இருந்தது. காற்று எவ்வளவு இருக்கிறது என்று அது வண்டிக்குச் சொல்லும். எந்த வண்டி எந்த நான்கு சக்கரங்களின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று கடைக்காரர்களே வண்டிக்குள் பதிந்து தந்தார்கள். சக்கரங்களில் இடம் வலம், முன் பின் என்று மஞ்சள் சாக்கட்டியால் எழுதி, பெரிய பிளாஸ்டிக் பைகளில் போட்டு, பையின் மேல் வண்டி எண்ணையும் ஒட்டியிருந்தார்கள். எட்டுப் பைகளும் கோடை முழுவதும் ரொசேரின் கொட்டகையில் கிடந்தன.

டிசம்பர் பிறப்பதற்குள் குளிர்காலச் சக்கரம் மாட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அதனால் நவம்பரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டி நிற்கும். ரொசேரைக் கடைக்கு அனுப்ப யாராலும் முடியாது. இரண்டு பியர் குடிக்கும் நேரத்தில் எட்டுச் சக்கரம் மாற்றுவேன் என்று பீற்றிக்கொள்வான். மாற்றியும் காட்டினான். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது என் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு கண்சிமிட்டிவிட்டு, பிறகு அப்படியே நிலைத்துவிட்டது. நான்கு சக்கரங்களின் காற்றளவு எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு சின்னக் கோடுகள்.

அவனிடம் போய் நின்றேன். அவன் வண்டியிலும் அதே விளக்கு எரிந்ததாம். அன்றே அதன் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டானாம்.

"குளிர்காலம் வந்தா அதுக்கும் ஜலதோஷம் பிடிக்கும் மதினி. டேப் ஒட்டுங்க. ஏப்ரல் வரைக்கும் வாயைத் திறக்காது."

தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் அவர்களுடைய குளிர்காலச் சக்கரங்களில் சென்சாரே கிடையாது. நான் அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தவள். எனவே டேப் ஒட்ட மாட்டேன் என்றேன். டயர் கடைக்குப் போன் செய்தால், அந்தச் சமயத்தில் ஊரே வரிசையில் நிற்கிறதல்லவா, ஜனவரி பதினேழாம் தேதி வாருங்கள் என்றார்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் விருந்துக்கு அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே நானும் போனேன். சிக்னலில் அவர்களை ஒட்டி நின்றபோது கோடுகள் மறைந்து எண்கள் வந்தன. கொஞ்ச தூரத்தில் விளக்கே அணைந்துவிட்டது. தனியாகத் திரும்பும்போது மறுபடி எரிந்தது. இதைச் சொன்னபோது ரொசேர் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "என்னைப் பார்த்தா உங்க வண்டிகூட அடங்கிடுது, பாத்தீங்களா?" என்றான். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை.

அந்தக் கோபத்தில் ஒரு தப்பு செய்தேன். ஒடிலுக்கு இதய வால்வு ஒன்று சரியில்லை. கெபெக் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குப் பதினான்கு மாதம் காத்திருந்து, கடைசியில் தேதி வந்துவிட்டது. டிசம்பர் பத்து, காலை பதினொரு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முந்தின நாள் இரவு அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ரொசேர் இருக்கிறானே என்று, தலைவலி என்று சொல்லிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தட்டுகளை அடுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

காலையில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரிக்குப் போயிருந்தது. நான் வேலை பார்ப்பது பள்ளிக்கூடச் சமையலறையில். ஏழு மணிக்கு வண்டியைக் கிளப்பி, சூடு ஏறட்டும் என்று உள்ளே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவர்கள் வண்டி பின்னால் நகர்ந்தது. ஒடில் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கினேன். ரொசேர் அதைப் பார்த்துவிட்டு, நான் சமாதானத்துக்கு இறங்கி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா? அவர்கள் வண்டி தெருவில் ஏறியபோதுதான் என் டாஷ்போர்டைக் கவனித்தேன். கோடுகள் போய், எண்கள் வந்திருந்தன. முப்பத்துநான்கு, முப்பத்துநான்கு, முப்பத்துநான்கு. முன் வலது, இருபத்தொன்று.

கீழே இறங்கி என் முன் வலது டயரில் அளவுமானியை வைத்து அழுத்தினேன். முப்பத்துநான்கு. நம்பாமல் மறுபடியும் வைத்தேன். அதே முப்பத்துநான்கு. நான் திரும்பி உள்ளே ஏறுவதற்குள் டாஷ்போர்டில் பழையபடி கோடுகள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் வண்டி அசையும்போது என் வண்டியோடு பேசுகிற சக்கரங்கள் என் வண்டியில் இருக்க முடியாது. அவை அவன் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நவம்பரில் அவன் என் சக்கரங்களைத் தனக்கும் தன்னுடையதை எனக்கும் மாட்டியிருக்கிறான். காற்று இறங்கிய டயர் அவன் வண்டியில் இருக்கிறது. அதன் பேச்சைக் கேட்க அவன் வண்டிக்குக் காது இல்லை. இருந்தாலும் மேலே டேப்.

ஒடிலுக்குப் போன் செய்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், அவர்கள் சமையலறையில், மணி அடித்தது. சார்ஜில் போட்டு மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். ரொசேர் போனே வைத்துக்கொள்வதில்லை, அது ஒரு கொள்கையாம். போலீஸைக் கூப்பிடலாம் என்றால் என்னவென்று சொல்வது? இன்னொருவர் வண்டியின் டயரில் காற்று இல்லை என்று என் வண்டி சொல்கிறது என்றா? ஊரைத் தாண்டினால் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் காடு. மரம் ஏற்றிய லாரிகள் பனிப்பொடியைக் கிளப்பிக்கொண்டு ஓடும் பாதை. முன் டயர் அங்கே ரிம்மை விட்டுக் கழன்றால், வால்வு பழுதான என் தங்கை வலது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பள்ளிக்கூடத்துக்கு வர முடியாது என்று ஒரே வாக்கியத்தில் செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். எனக்கு இருந்த ஒரே தைரியம், ஒடில் பக்கத்தில் இருந்தால் ரொசேர் தொண்ணூறைத் தாண்ட மாட்டான் என்பதுதான். நான் எவ்வளவில் போனேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். ஒரு விரலாம். பதினான்கு மாதம் பயந்துகொண்டே தூங்கிய பெண்ணுக்கு அக்கா காட்டியது ஒரு விரல்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டர் வாக்கில் ஒரு மர லாரியின் பனிப்பொடிக்குள் மாட்டிக்கொண்டேன். முன்னால் சிவப்பாக இரண்டு விளக்குகள் மட்டும் தெரிந்தன. எந்த வண்டி, என்ன நிறம், ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் நெருங்கினேன். டாஷ்போர்டில் ஒரு கோடு மறைந்து எண் வந்தது. பதினான்கு.

அவர்கள்தான். ஹாரனை அழுத்தினேன், பெரிய விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். ரொசேர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவன் வேகத்தைக் கூட்டினான். விளக்குச் சண்டையை முடிக்கக் காடுவரைக்கும் துரத்தி வருகிறாள் என்று நினைத்தானாம். பதிமூன்று என்றது என் வண்டி. அதற்குள் ஒடில் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அவள் கை நீண்டு அவன் தோளில் ஓங்கி ஒன்று விழுந்ததை நான் பின்னாலிருந்தே பார்த்தேன். லாரிகள் நின்று போகும் ஒதுக்கிடத்தில் வண்டி ஒதுங்கியது.

ரொசேர் சண்டைக்குத் தயாராகத்தான் இறங்கினான். நான் அவன் முன் வலது டயரைக் காட்டினேன். அது பாதி தரையோடு படுத்திருந்தது. கூரைக்கு முடுக்குகிற திருகாணி ஒன்றின் தலை அதில் பளபளத்தது. ரொசேர் வண்டிக்குள்ளிருந்த ஒடிலை ஒருமுறை பார்த்தான்.

"எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"உன் சக்கரம் எங்கிட்ட சொல்லுச்சு. எட்டுப் பையிலயும் வண்டி நம்பர் ஒட்டியிருந்துச்சே ரொசேர். அதைப் பார்த்துத்தானே மாட்டினே?"

அவன் பூட்ஸால் பனியைத் தள்ளினான். அக்டோபரில் மூஸ் மான் வேட்டைக்குப் போகும்போது, இறைச்சியைச் சுற்ற அவ்வளவு கெட்டியான பை வேறெங்கும் கிடைக்காது என்று எட்டையும் உருவிக்கொண்டு போயிருக்கிறான். சக்கரம் எல்லாம் ஒரே மாதிரிதானே, எது எங்கே இருந்தால் என்ன என்று நினைத்தானாம். அந்த மானில் ஒரு தொடையை நானும் வாங்கி வைத்திருக்கிறேன். அதனால் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வண்டிகளில் மாற்றுச் சக்கரம் கிடையாது, சின்னக் காற்றுப் பம்ப் மட்டும்தான். ஓட்டையோடு நகரம்வரை போக ஒடிலை விடமாட்டேன் என்றேன். என் முன் வலது சக்கரத்தைக் கழற்றி அவன் வண்டியில் மாட்டச் சொன்னேன். எப்படியும் அது அவனுடையதுதான். இருபது நிமிடத்தில் முடித்தான். பீற்றிக்கொள்ளவில்லை. வண்டியைக் கொஞ்சம் உருட்டிப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி டாஷ்போர்டிலிருந்த டேப்பை நகத்தால் உரித்தான். விளக்கு இன்னும் எரிந்தது, ஆனால் மூன்று கோடுகளுக்கு நடுவே முன் வலதில் முப்பத்துநான்கு என்று வந்திருந்தது.

நான் ஒடில் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவள் மடியில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்தன.

"நேத்து உனக்குத் தலைவலி இல்லை, தெரியும்" என்றாள்.

"இல்லைதான்."

"சாப்பாடு மிச்சம் இருக்கு. என் ஃப்ரிட்ஜ்ல. போய்ச் சாப்பிடு, அக்கா."

அவள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அதற்கு மேல் நின்றால் அழுதிருப்பேன், அந்தக் குளிரில் கண்ணிமை ஒட்டிக்கொள்ளும்.

திருகாணி ஏறிய சக்கரம் இப்போது என் வண்டியில் இருந்தது. காற்றடித்து மெதுவாகத் திரும்பினேன். அது எனக்கென்று பதிந்த சக்கரம், அதனால் அது மட்டும் வழியெல்லாம் என்னோடு பேசிக்கொண்டே வந்தது. முப்பத்திரண்டு என்றது, முப்பது என்றது, இருபத்தாறு என்றது. நிறுத்திப் பம்ப் போடுவேன், மறுபடி கிளம்புவேன். நான்கு தடவை நிறுத்தி வீடு வந்து சேர்ந்து, அவர்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து இறைச்சி அடையைச் சூடுகூடப் பண்ணாமல் நின்றபடியே சாப்பிட்டேன். மறுநாள் மாலை ஆஸ்பத்திரித் தொலைபேசியிலிருந்து ரொசேர் கூப்பிட்டான். வால்வு சரியாகப் பொருந்திவிட்டது, கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள் என்று சொன்னான். போனை வைத்தபோது எனக்கு அவன் மேல் கோபம் தேடினாலும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மாற்றுத்துணி எடுக்க வந்தவன், டயரை ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு, சக்கரங்களையும் சரியாக மாற்றிவிடுகிறேன் என்று ஜாக்கியோடு வந்தான். நான் வேண்டாம் என்றேன்.

"ஏன் மதினி? விளக்கு எரியுதேன்னு ஒரு மாசமா என்னைப் பிடுங்கித் தின்னீங்களே."

"எரியட்டும். அவ வீடு வந்து சேரட்டும், அப்புறம் மாத்து."

மறுநாள் காலை அவன் கிளம்பும்போது என் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் முப்பத்தைந்து.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்றரைக்கே வண்டியைக் கிளப்பிவிட்டு, எங்கோ போகிறவள் மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தேன். பனி விழாமலிருக்க அந்த வாரம்தான் வாசலில் போட்ட துணிக்கூடாரத்துக்குள் வண்டி நின்றதால் தெரு தெரியாது. இரண்டே கால் ஆகியும் ஒன்றும் இல்லை. இரண்டரை ஆயிற்று. நான் அந்த மூன்று கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கோடு மறைந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் முப்பத்தைந்து.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். அவர்கள் வண்டி வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒடில். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன், எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கும்வரை ஆட்டினேன்.